அடுத்தவன் சேதி சுமந்த தலை

வில்லியம் கிப்சன் எழுதிய 'ஜானி நெமானிக்' என்ற சிறுகதையை இதுவரை மூன்று தடவை படித்திருக்கிறேன். 1996இல் ஒரு தடவை, 1999இல் ஒரு தடவை, போன வைகாசியில் ஒரு தடவை. முப்பது பக்கம்கூட இல்லாத கதைதான். ஆனால் கல்லுக்கட்டு மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு வரியை விட்டால் அடுத்த பக்கம் புரியாது. மூன்றாவது தடவை படித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. செத்துப்போன என் தாத்தா ஞாபகமாகவே இருந்தது.

வெள்ளைக்காரன் எழுதின கம்ப்யூட்டர் கதைக்கும் மல்லாங்கிணத்துப் பறத்தெருவுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கதை முதலில் வந்தது 1981 மே மாதம், 'ஆம்னி' என்ற அமெரிக்கப் பத்திரிகையில். பிறகு 1986இல் வந்த 'பர்னிங் குரோம்' தொகுப்பில் சேர்ந்தது. இந்த வகை எழுத்துக்கு 'சைபர்பங்க்' என்று பெயர் வந்ததே அதற்கப்புறம்தான்; புரூஸ் பெத்கே என்பவர் 1983இல் வெளிவந்த ஒரு கதைக்கு வைத்த தலைப்பு அது. பெரிய விஞ்ஞானம், சீரழிந்த வாழ்க்கை, தெருவில் கிடக்கிறவன் கண்ணில் தெரிகிற வருங்காலம் என்று இதைச் சொல்லலாம். கிப்சன் அப்போது கம்ப்யூட்டர் தெரிந்த ஆளே இல்லை. பழைய டைப்ரைட்டரில்தான் எழுதினார். அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவன் என்கிற முறையில் இந்தச் செய்தி எனக்குப் பிடிக்கும்.

ஜானி ஒரு தூதன். அவன் தலைக்குள் ஆபரேஷன் செய்து சிலிக்கனைப் புதைத்திருக்கிறார்கள். பணம் உள்ளவன் எவனோ தன் ரகசியத்தை அதில் ஏற்றி வைப்பான். ஏற்றும்போது ஜானிக்கு நினைவு இருக்காது. ஏற்றினவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கேதச் சொல் உண்டு. அதைச் சொன்னால் ஜானி மயக்கத்திலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். ஒப்பித்தது என்னவென்று அவனுக்கே தெரியாது. ரால்ஃபி என்கிற தரகன் ஒருத்தன் இப்படி ஏற்றி வைத்ததைத் திரும்ப எடுக்காமல் இழுத்தடிக்கிறான். அந்தச் சரக்கு ஜப்பானிய யாகூசா ரௌடிக் கூட்டத்திடமிருந்து திருடியது. ஆக, தலையில் என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒருத்தனைத் தலையில் இருப்பதற்காகக் கொல்ல ஆள் வருகிறது. கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த விளக்கம் ஒன்றும் முன்கூட்டிக் கிடைக்காது. ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிற மாதிரிதான் ஏறணும்.

1996இல் இந்தத் தொகுப்பை மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எட்டு ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது என் இங்கிலீஷ், டிக்ஷனரி ஒரு கையும் புத்தகம் ஒரு கையுமாக நடக்கிற இங்கிலீஷ். அந்த வாசிப்பில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு விஷயம். ஜானி தன்னைக் கொல்லப் பார்க்கிறவனைச் சந்திக்க ஒரு விளையாட்டுப் பையில் துப்பாக்கியை வைத்து எடுத்துப் போகிறான். அவன் காலத்தில் அந்த மாதிரி தோட்டா எங்கேயும் விற்பதில்லை. பித்தளையை வாங்கி லேத்தில் தானே கடைந்து, பழைய குறிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, மருந்தையும் தானே கெட்டித்துக்கொள்கிறான். என் அண்ணன் அப்போது விருதுநகரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். அவன் கையில் ஏறின பித்தளைத் தூள் சோறு தின்னும்போதும் மினுங்கும். நாளைக்கு நடக்கப்போகிற கதையில் எங்கள் அண்ணனின் கை வேலை இருக்கிறது என்பது அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. மிச்சத்தை அப்படியே மூடி வைத்தேன்.

இந்த 'புரியாமை' பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்திலிருந்து பாமா எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தது. பேச்சு மொழியிலேயே முழுசாக எழுதியிருந்தார். உடனே என்ன சொன்னார்கள்? கொச்சை என்றார்கள், வட்டார வழக்கு புரியவில்லை என்றார்கள், பின்னால் சொல் விளக்கம் சேர்க்கக்கூடாதா என்றார்கள். கிப்சன் தன் கதையில் நூறு சொற்களை விளக்கமே இல்லாமல் எறிகிறார். தெரு மொழி, கம்பெனிப் பெயர், மருந்துப் பெயர், ஆயுதப் பெயர். எதற்கும் அடிக்குறிப்பு கிடையாது. அதை உலகம் புது நடை என்றது. விளக்கம் சொல்ல வேண்டியது யார், விளக்கம் கேட்கிற உரிமை யாருக்கு என்பதில் இருக்கிறது விஷயம். புரியாத இடத்தில் மரியாதையாக நின்று திரும்பப் படிக்கிற பொறுமையை மேலைநாட்டுப் பிரதிக்குக் கொடுக்கிறவர்கள் சேரிப் பிரதிக்குக் கொடுப்பதில்லை. நான் கிப்சனுக்குக் கொடுத்தேன். நம்ம ஆட்களுக்கும் கொடுத்தேன். இரண்டு பக்கமும் நஷ்டம் வரவில்லை.

1999இல் மதுரையில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். பெயர் வேண்டாம். அமெரிக்கக் கோர்ட்டுத் தீர்ப்புகளைப் பக்கம் பக்கமாக அடிக்கிற வேலை. ஒரே பக்கத்தை ரெண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். மெஷின் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே மூன்றாவது ஆள் வந்து தீர்ப்பான். வெள்ளைக்காரன் கேட்கிற சுத்தம் 99.995 சதவீதம். அதாவது ஒரு லட்சம் எழுத்துக்கு அஞ்சு தப்பு. ஆறாவது தப்புக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் 'படிக்காதே, பாத்து அடி' என்பது. இங்கிலீஷ் நல்லாத் தெரிந்தவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. மூலத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அவன் கை தன்னாலே திருத்திவிடும். அது தப்பாகக் கணக்காகும். அர்த்தம் தெரியாதவன் இருக்கிறபடியே அடிப்பான். அதனால் இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்த எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு அங்கே கிராக்கி. தெரியாமை ஒரு தகுதியாக இருந்த ஒரே உத்தியோகம் நான் பார்த்ததில் அதுதான்.

ராத்திரி ரெண்டு மணிக்கு டீ குடிக்க விடுகிற பதினைந்து நிமிஷத்தில், அந்தத் தொகுப்பைத் திரும்ப எடுத்தேன். அப்போதுதான் ஜானியின் வேலை என்னவென்று உடம்பில் பட்டது. அடுத்தவன் சேதி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. நடுவில் ஓர் ஆள் இருக்கிறான். அவனுக்கு அது எதுவும் இல்லை. எனக்குக் கண் வழியாக ஏறி விரல் வழியாக இறங்கியது. அவனுக்கு மண்டைக்குள்ளேயே தொட்டி கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் முழுசாக இறங்கிவிடுகிறதா? ரெண்டு வருஷம் கழித்து ஒரு மாணவர் அமைப்பின் சின்னப் புத்தகத்தில், அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கி வைத்தது செல்லாது என்று 1954இல் வந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பைப் பற்றிப் படித்தேன். அந்த வழக்கின் பெயரைப் பார்த்ததும் என் விரல்கள் மேசைமேல் தன்னாலே அசைந்தன. அந்தப் பெயரை நான் அடித்திருக்கிறேன். எத்தனை பக்கத்தில், எத்தனை தடவை என்று தெரியாது. ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் வழக்கை, ஒதுக்கி வைக்கப்பட்ட தெருவிலிருந்து போன ஒருத்தன், என்னவென்று தெரியாமல் 99.995 சதவீதம் சுத்தமாக அடித்துக் கொடுத்திருக்கிறான். இந்த மிச்சம் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இனி தாத்தா.

எங்கள் பக்கம் சாவுச் சேதிக்குக் 'கேதம்' என்று பேர். ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் கேதம் சொல்ல எங்கள் தெருவிலிருந்துதான் ஆள் போகணும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. அது கூலி வேலையும் கிடையாது, அடிமைத் தொழில். என் தாத்தாவுக்கு அது அவர் அய்யாவிடமிருந்து வந்தது. ராத்திரி எந்நேரமானாலும் தெருமுனையில் நின்று 'ஏலேய்' என்று ஒரு குரல் வரும். அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். ஊரார் வாசலுக்கு வெளியே நிற்க வைத்து ஒப்பிப்பார்கள். முடுக்கன்குளத்தில் இன்னார் வீடு, கல்குறிச்சியில் சம்பந்தி வீடு, ஆவியூரில் தாய்மாமன், பாலவநத்தத்தில் கட்டிக் கொடுத்த மகள், பந்தல்குடியில் பங்காளி. செத்தது யார், எத்தனை மணிக்கு, பொணம் தூக்குவது எப்போது. எல்லாவற்றையும் ஒரு தடவைதான் சொல்வார்கள். தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஏழெட்டு ஊர், நாற்பது வீடு, முறையோடு சேர்த்து மனசில் ஏற்றிக்கொண்டு கரிசக்காட்டு வழியே விடிய விடிய நடப்பார். போகிற ஊரிலும் வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. தெருக்கோடியில் நின்று சத்தம் கொடுக்கணும். அழுது ஓடி வருகிறவர்கள்கூட எட்டித்தான் நிற்பார்கள். துண்டை விரித்தால் ஒரு படி கம்போ சோளமோ மேலேயிருந்து விழும்.

ஒரு வீட்டை விட்டுப் போனால், சேதி சொல்லவில்லை என்று சம்பந்திகளுக்குள் சண்டை வரும். அடி தாத்தாவுக்கு விழும்.

'ஜானி நெமானிக்'கை மூன்றாவது தடவை படிக்கும்போது எனக்கு முன்னால் நடந்தது ஜானி இல்லை. தாத்தாதான். ஆனால் ரெண்டு பேருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஜானிக்குத் தன் தலையில் இருப்பது தெரியாது. தாத்தாவுக்கு எல்லாம் தெரியும். யார் மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை இல்லை, எந்தச் சாவில் மருந்து வாசனை அடித்தது, யார் வீட்டு வரப்பு எந்த வருஷம் நகர்ந்தது. ஊரார் பரம்பரை ஊராரைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அவரை யாரும் கேட்டதில்லை. சொன்னாலும் எடுபடாது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று கை கலப்பு வந்தபோது, எந்தப் பங்காளி மூத்தவன் என்பதைச் சொல்லத் தெரிந்த ஒரே மனுஷன் கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு சுமையும் உண்டு. அவர் கிராம வெட்டியான் வேலையும் பார்த்தார். வருஷா வருஷம் ஜமாபந்திக்குக் கணக்குப்பிள்ளை தாலுகா கச்சேரிக்குப் போகும்போது கணக்குக் கட்டைத் தூக்கிப் போகணும். அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் சிவப்புத் துணியில் கட்டிய பெரிய மூட்டை. தலையில் சும்மாடு, அதன்மேல் கட்டு, முன்னால் கணக்குப்பிள்ளை. ஊரில் உள்ள ஒவ்வொரு குழி நிலமும் யார் பெயரில் இருக்கிறது என்பது அந்த மூட்டையில் இருக்கும். மூட்டை அவர் தலையில் இருக்கும். "நம்மகிட்டதான்யா ஊரே இருந்துச்சு, எறக்கி வைக்கிறவரைக்கும்" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியம், கணக்குப்பிள்ளைப் பதவிகளை ஒழித்தபோது அவருக்கு அறுபது வயசுக்கு மேல். கணக்குப்பிள்ளை வீட்டில் அன்றைக்கு அழுதார்கள். எங்கள் வீட்டில் அப்பத்தா கருவாட்டுக் குழம்பு வைத்தது.

மறுபடி கதைக்கு வருகிறேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் ஜானி கிடையாது. கண்ணில் கண்ணாடி பதித்து நகத்துக்கடியில் கத்தி வைத்திருக்கிற மோலியும் கிடையாது. (மோலி யாருக்கும் பயப்படாத பொம்பளை, படிக்கிற தோழியர்களுக்குப் பிடிக்கும்.) எனக்குப் பிடித்தது ஜோன்ஸ். ஜோன்ஸ் ஒரு டால்ஃபின். கடற்படையில் வேலை பார்த்து ஓய்ந்துபோய், ஒரு பொருட்காட்சித் தொட்டியில் கிடக்கிறது. தண்ணீருக்கடியில் கண்ணிவெடி கண்டுபிடிக்க அதன் தலையில் 'ஸ்குவிட்' என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். ரொம்ப நுணுக்கமான காந்த அசைவைக்கூட அது உணரும். இது கட்டுக்கதைக் கருவி கிடையாது. 1960களிலேயே வந்துவிட்டது, இன்று ஆஸ்பத்திரிகளில் மூளையின் காந்த அசைவை அளக்கப் பயன்படுகிறது. அமெரிக்கக் கடற்படை டால்ஃபின்களைப் பழக்கி வேலை வாங்கியதும் நிஜம். வியட்நாம் யுத்தத்தில் கேம் ரான் விரிகுடாவில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

அந்த டால்ஃபினை எப்படி வேலைக்குக் கட்டுப்படுத்தி வைத்தார்கள்? ஹெராயின் பழக்கிவிட்டார்கள். ஊசிக்காக அது சொன்னதைச் செய்யும். ஜானியின் தலைக்குள் இருக்கும் சங்கேதத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கும் மோலி முதலில் போதைமருந்தைத்தான் காட்டுகிறாள்.

1996இல் இந்த இடம் எனக்கு வெறும் விநோதமாக இருந்தது. இப்போது அப்படிப் படிக்க முடியவில்லை. பொணக்குழி வெட்டப் போகிறவனுக்கு முதலில் சாராயம். கொட்டடிக்கிறவனுக்குச் சாராயம். செத்த மாட்டை இழுத்துப் போகிறவனுக்குச் சாராயம். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவனுக்குக் குவார்ட்டர். மற்றவன் செய்யக் கூசுகிற வேலையை ஒருத்தன் செய்யணும் என்றால் அவன் நினைவை முதலில் மழுக்கணும். பிறகு, 'அவனுகளுக்குக் குடிதான் பெருசு' என்று அதே வாய் சொல்லும். தாத்தா குடிப்பார். கேதம் சொல்லி முடித்து, எரிக்கிற இடத்தில் எல்லா வேலையும் முடிந்து, விடிகாலையில் வந்து படுக்கும்போது நெடியடிக்கும். அவர் குடிக்கு ஊர் கொடுத்த முன்பணம் எவ்வளவு என்று யாரும் கணக்கு எழுதவில்லை.

ஜோன்ஸ் பேசுவதற்கு வாய் இல்லை. பல்புகளைக் கோர்த்த ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் விளக்குகளை எரியவிட்டுக் காட்டும். ஜானியின் சங்கேதத்தை அது சிவப்பு பல்புகளால் காட்டுகிறது. அது என்ன தெரியுமா? ஸ்வஸ்திகா. ஹிட்லர் சின்னம். கிப்சன் அதை விளக்கவே இல்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நமக்கு அந்தச் சின்னம் வேறு இடத்திலும் தெரியும். நகைக்கடைக் காலண்டரில், வட்டிக்கடைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில். நம்ம பக்கத்துக் கணக்கில் பிள்ளையார் சுழி. அடுத்தவன் சேதி பூட்டின தலையை எந்தச் சின்னம் திறக்கிறது என்பதை ஓர் அடிமைப்பட்ட மிருகம்தான் படித்துச் சொல்கிறது. கிப்சன் சாதியை நினைத்து எழுதியிருக்க முடியாது. நான் நினைக்காமல் படிக்க முடியாது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை. கதையில் 'லோ டெக்' என்று ஒரு கூட்டம் வருகிறது. விஞ்ஞானத்தை ஒதுக்கிவிட்டு நகரத்துக் கூரையின்மேல் குப்பையையும் கம்பியையும் வைத்துக் கட்டிய மேடைகளில் வாழ்கிறார்கள். நாய்ப் பல்லை வாங்கி வாயில் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க அசிங்கமாக இருப்பது அவர்களுக்குப் பெருமை. எனக்கு இந்த இடம் ருசிக்கவில்லை. தாழ்வாக இருப்பதை வேஷமாகப் போட்டுக்கொள்ள முடிகிறவனுக்கு எப்போது வேண்டுமானாலும் கழற்றவும் முடியும். காலனிக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. ஒதுக்கப்படுவதை ஒதுங்குவதாக எழுதுவது மேட்டுக்குடிக் கலகக்காரர்களின் பழக்கம். கிப்சனும் அதில் விழுகிறார். ஜப்பான்காரனைப் பற்றிய பயமும் அந்தக் காலத்து அமெரிக்கப் பயம்தான்.

இதே மின்சாரமும் உடம்பும் சேர்கிற கதையை அவருக்கு முன்னாலேயே ஒரு கறுப்பின எழுத்தாளர் தொட்டுவிட்டார் என்பதையும் சொல்லணும். சாமுவேல் டிலானி 1968இல் எழுதிய 'நோவா' நாவலில், வேலைக்காரர்கள் தங்கள் உடம்பையே மெஷினில் செருகி வேலை செய்கிறார்கள். உழைக்கிறவனுக்கும் உழைப்புக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றி அவர் அதில் யோசித்திருக்கிறார். சைபர்பங்க் என்று பேசுகிறவர்கள் டிலானி பெயரை மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.

கொலைகாரன் சாகிற இடம் மட்டும் லோ டெக்குகளின் கணக்கில் வரவு. கட்டைவிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கம்பி வைத்திருக்கிற யாகூசா ஆள் சண்டைக்கு வருகிறான். மோலி அவனை ஆடுகளத்துக்குக் கூட்டிப்போகிறாள். ஸ்பிரிங்கும் இரும்புக் கம்பியுமாய்க் கட்டின தளம். காலடி ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் இடிக்கும். அவள் சண்டை போடவில்லை, ஆடுகிறாள். அந்தச் சத்தமும் ஆட்டமும் அவனுக்குப் பிடிபடவில்லை. தன் கம்பியாலேயே தன் கையை வெட்டிக்கொண்டு விழுகிறான். 1990களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்களில் பறையைக் கேட்டவர்களுக்கு இந்தக் கட்டம் சட்டென்று விளங்கும். பறை அடிக்க மாட்டோம் என்று குச்சியை ஒடித்தவர்களும் நம்மவர்கள். பறை எங்கள் கலை என்று மேடையேற்றினவர்களும் நம்மவர்கள். தாத்தா முதல் கட்சி. எங்கள் தெருவில் கேதம் சொல்வதையும் கொட்டடிப்பதையும் இளவட்டங்கள் நிறுத்தினபோது அவர் தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஒரு நடை நடந்து வந்தார். இடுப்புத் துண்டு தோளுக்கு ஏறின அந்த நடையைப் பற்றித் தனியாக எழுதணும்.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். மூன்றாவது வாசிப்பு எனக்குக் கொடுத்ததெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். கொலைகாரன் செத்தபிறகு ஜானி ஊருக்குத் திரும்பவில்லை. லோ டெக்குகளோடு மேலேயே தங்கிவிடுகிறான். இத்தனை வருஷமாக அவன் தலையில் யார் யாரோ ஏற்றி இறக்கின சேதி எல்லாம் முழுசாக அழியவில்லை, ஒரு தடம் விட்டுப் போயிருக்கிறது. ஜோன்ஸின் ஸ்குவிட் அந்தத் தடங்களைப் படிக்கிறது. தன் தலைக்குள் இருந்தும் தனக்குத் தெரியாமல் போன எல்லாவற்றையும் அவன் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்கிறான். பழைய வாடிக்கைக்காரர்களை அதை வைத்தே மிரட்டிப் பிழைக்கிறான். ஒருநாள் இந்தச் சிலிக்கனைத் தோண்டி எடுத்துவிட்டு சொந்த ஞாபகத்தோடு மட்டும் வாழணும் என்பது அவன் ஆசை.

முதல் ரெண்டு தடவையும் இதை ஒரு குறும்பான முடிவு என்று ரசித்தேன். இந்தத் தடவை கணக்குக் கட்டு ஞாபகம் வந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறார்கள். முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் வேறு சாதிக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலமெல்லாம் யார் கையில் இருக்கிறது என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலம் இன்னாருக்குச் சொந்தம் என்று எழுதிய பதிவேட்டைத் தலையில் சுமந்து போனது யார்? நிலத்துக்குச் சொந்தக்காரனின் சாதிக்காரன். எழுதினது படிக்கத் தெரியாது. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் நம் பிள்ளைகள் மனு எழுதிப் போட்டு, பழைய பதிவேட்டின் நகலை வாங்கி, சர்வே எண்ணை விரல் வைத்துப் படித்தார்கள். பாட்டன் தலையில் இருந்ததைப் பேரன் படிக்கிறான்.

ஜானி தனியாள். தான் பிழைக்க மிரட்டுகிறான். அந்தக் கதைக்கு அதற்குமேல் போகத் தெரியவில்லை. நம்மிடம் இருக்கிற தடத்தை வைத்து யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, சத்தமாக வாசித்தாலே போதும், பயப்படுகிறவன் பயப்படுவான். இந்தப் பத்திரிகையில் மாசாமாசம் வருகிற வாக்குமூலங்கள் வேறென்ன? தாத்தா சொல்லி அப்பத்தா சொல்லி எனக்கு வந்த அந்த நாற்பது வீட்டுக் கதைகளை இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

1995இல் ராபர்ட் லாங்கோ இதைப் படமாக எடுத்தார். கீனு ரீவ்ஸ் நடித்தது. படத்துக் கதை நடக்கிற வருஷம் 2021. ஜானியின் தலை கொள்ளளவு 80 கிகாபைட். அந்த வருஷமும் வந்து போய்விட்டது, என் அக்கா மகள் கையில் இருக்கிற செகண்ட் ஹேண்ட் செல்போனுக்கு அதைவிடக் கொள்ளளவு அதிகம். படம் பார்க்கத் தேவையில்லை. கதையைப் படித்தால் போதும்.

அந்த அக்கா மகளால்தான் மூன்றாவது தடவை படித்தேன். பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். பக்கத்து டவுனில் ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. ஏதோ ஒரு நாட்டு ரோட்டுப் படம் வரும். அதில் மனுஷனைச் சுற்றி ஒரு கட்டம், மாட்டைச் சுற்றி ஒரு கட்டம், சைக்கிளைச் சுற்றி ஒரு கட்டம் போடணும். சில நாள் யாரோ பேசின ரெண்டு நிமிஷத் தமிழ்ப் பேச்சைக் கேட்டு அப்படியே அடிக்கணும். யாருக்குப் போகிறது, எதுக்கு என்று கேட்கக் கூடாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கட்டம் கொஞ்சம் நகர்ந்தால் திருப்பி அனுப்புவார்கள். "எத்தனை பர்சென்ட் சுத்தம் கேக்காங்க?" என்று கேட்டேன். சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளுக்குக் கதையைத் தமிழில் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து ரெண்டு ராத்திரி. பாதியிலேயே நிறுத்தி, "மாமா, அவன் தலைக்குள்ள ஏத்துறப்ப அவனுக்கு வலிக்குமா?" என்றாள். வலிக்குமென்று கிப்சன் எழுதவில்லை என்றேன். "எனக்குச் சாயங்காலம் கண்ணு வலிக்கும். ராத்திரி கண்ண மூடுனா கட்டம் கட்டமா தெரியும். அம்மா வந்து நின்னாக்கூட சுத்தி ஒரு கட்டம் போடத் தோணுது" என்றாள். கதையில் உள்ள 'தடம்' என்ற விஷயத்தை அவளுக்கு நான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்புறம் கேட்டாள், "கடைசில அந்த மீனுக்கு என்ன ஆச்சு?"

"மீன் இல்லத்தா, டால்ஃபின். பெரிய தொட்டி வாங்கிக் கொடுத்துட்டான். வாரத்துக்கு ஒரு தடவை கடல் தண்ணி லாரியில வருது. ஊசியும் வேணுங்கிறப்ப கொடுக்குறாங்க."

"கடல்ல விடலையா?"

"விடல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நம்ம தெருவுக்கும் லாரித் தண்ணி வாரம் ஒரு தடவதான வருது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது கதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள்தான் கேட்டாள், கூட வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கணுமாம். ஒன்பது பக்கம் முடிந்திருக்கிறது. ஜானி பார்க்கிற வேலைக்கு முதலில் 'தூதன்' என்று போட்டேன். அது ராஜா காலத்து வார்த்தை மாதிரி இருக்கிறது, தூதனுக்கு மரியாதை உண்டு. 'கேதம் சொல்லி' என்று மாற்றினேன். படித்துப் பார்த்துவிட்டு, இதுக்கு என்ன அர்த்தம் மாமா என்று கேட்டாள். கேதம் என்ற சொல் அவளுக்குத் தெரிகிறது. அதைச் சொல்ல ஆள் போனது தெரியவில்லை. அந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பின்னால் விளக்கம் சேர்ப்பதாக இல்லை.